பொருளும் பதிவும்: சென்னை அரசு அருங்காட்சியகத் தொகுப்புப் பாதுகாப்பு - ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அருங்காட்சியகப் பாதுகாப்பு என்றவுடன் பொருளின் உடலைக் காக்கும் வேதியியல் பணியே முதலில் நினைவுக்கு வருகிறது. அப்பொருள் எந்த ஊரில், எவற்றோடு, எந்நிலையில் கிடைத்தது என்னும் பதிவைக் காப்பது எழுத்தர் வேலையாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறது. இக்கட்டுரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், நாணயங்கள் ஆகிய தொகுப்புகளைச் சான்றாகக் கொண்டு, பதிவை இழந்த பொருள் பாதி அழிந்த பொருளே என்றும், பாதுகாப்புச் செயல்களே சில வேளைகளில் அவ்விழப்புக்குக் காரணமாகியுள்ளன என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: தொகுப்பு மேலாண்மை, சேர்க்கைப் பதிவேடு, கண்டெடுப்பிடம், புதையல் சட்டம், வெண்கல நோய், அமராவதி, விளக்க அட்டவணை.

முன்னுரை

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் கல்லூரிச் சாலைக் கட்டடத்தில் தொடங்கி, 1854இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் சிற்பங்களைப் பற்றியும் செப்புத்திருமேனிகளைப் பற்றியும் தமிழில் எழுதப்பட்டவை குறைவல்ல. ஆனால் அவை ஏறக்குறைய அனைத்தும் கலை வரலாறு. அப்பொருள்கள் அருங்காட்சியகத்துக்குள் வந்தபின் அடைந்த வரலாறு அவற்றில் இல்லை. ஒரு படிமம் மண்ணுக்குள் அறுநூறு ஆண்டுகள் இருந்ததைப் பேசுவோர், அது கண்ணாடிப் பேழைக்குள் நூறு ஆண்டுகளாக இருப்பதைப் பேசுவதில்லை. அந்த நூறு ஆண்டுகளில் அதன்மீது செய்யப்பட்ட ஒவ்வொரு செயலும், எழுதப்பட்ட ஒவ்வோர் எண்ணும், அதனை இன்று எவ்வளவு அறிய முடியும் என்பதைத் தீர்மானித்திருக்கின்றன.

1930இல் இவ்வருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. 1932இல் எப். எச். கிரேவ்லியும் தி. நா. இராமச்சந்திரனும் சேர்ந்து உருவாக்கிய தென்னிந்திய இந்து உலோகப் படிமங்களின் விளக்க அட்டவணை வெளிவந்தது. ஒரே கண்காணிப்பாளரின் காலத்தில், இரண்டே ஆண்டு இடைவெளியில், ஒரே தொகுப்பைக் காக்க எடுக்கப்பட்ட இரு முயற்சிகள் இவை. ஒன்று உலோகத்தைக் காத்தது. மற்றொன்று செய்தியைக் காத்தது. பின்வந்த தலைமுறைகள் முதலாவதைப் பாதுகாப்பு என்றும் இரண்டாவதை வெளியீடு என்றும் பிரித்துப் பெயரிட்டன. இப்பிரிவினையே இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துவது.

உயிரியலார் தந்த ஒழுக்கம்

இவ்வருங்காட்சியகத்தை உருவாக்கியோருள் வரலாற்று அறிஞர் அரியர் என்பது பலரும் கவனியாத செய்தி. முதற்பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் ஓர் அறுவை மருத்துவர். பின்னர் வந்த ஜார்ஜ் பிடியும் மருத்துவரே. 1885 முதல் 1908 வரை பொறுப்பு வகித்த எட்கர் தர்ஸ்டன் மருத்துவம் பயின்றவர். அவருக்குப் பின் வந்த ஹென்டர்சனும் கிரேவ்லியும் விலங்கியலார். கிரேவ்லி சிலந்தியினங்களை ஆராய்ந்தவர். சோழர் படிமங்களுக்கு முதல் முறையான அட்டவணை ஒரு சிலந்தி ஆய்வாளரின் மேற்பார்வையில் உருவானது விந்தையாகத் தோன்றலாம். சற்றே ஆராய்ந்தால் அது இயல்பானது என்பது விளங்கும்.

உயிரியல் தொகுப்பில் பிடிபட்ட இடமும் நாளும் எழுதப்படாத மாதிரிக்கு அறிவியல் மதிப்பு ஏதுமில்லை. வண்ணத்துப்பூச்சி எவ்வளவு அழகியதாயினும், ஊசியில் கோத்த சிறு துண்டுச் சீட்டு இல்லையெனில் அது வெறும் அலங்காரம். இந்த ஒழுக்கத்தில் பயின்றோர் செப்புப் படிமங்களைக் கையாண்டபோது, ‘எவ்வளவு அழகு?’ என்பதற்கு முன் ‘எந்த ஊர்?’ என்று கேட்டனர். மண்ணியலார் இராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய கற்காலப் பொருள்களை 1904இல் அருங்காட்சியகம் விலைக்குப் பெற்றபோதும் இதுவே அதன் பெருஞ்சிறப்பு. அத்தொகுப்பின் அட்டவணை 1914இலும், காலமும் பரவலும் குறித்த குறிப்புகள் 1916இலும் அச்சாயின. கிடைத்த இடங்களின் அடிப்படையில் அமைந்த அவ்வட்டவணை இன்றும் கள ஆய்வாளரால் பயன்படுத்தப்படுவதற்கு, கற்களின் அரிய தன்மையைக் காட்டிலும் அவற்றோடு ஒட்டியிருக்கும் இடச்செய்தியே காரணம். இடம் அறியப்படாத கைக்கோடரிகள் ஆயிரம் இருந்தாலும் அவற்றால் ஒரு நிலவரைபடத்தை வரைய இயலாது.

கலை வரலாற்று நோக்கு வலுப்பெற்றபின் இவ்வொழுக்கம் தளர்ந்தது என்றே கூற வேண்டும். காட்சிக்கூடத்தின் பெயர்ச்சீட்டில் ‘நடராசர், சோழர், 11ஆம் நூற்றாண்டு’ என்பது பெரிய எழுத்தில் அமைகிறது. ஊர்ப்பெயர் சிறிய எழுத்துக்கு இறங்குகிறது. நூற்றாண்டு என்பது அறிஞரின் கருத்து, நாளை மாறக்கூடியது. ஊர் என்பது நிகழ்ந்த செய்தி. ஒருமுறை தவறினால் மீட்க முடியாதது. மாறக்கூடியதைப் பெரிதாகவும் மீட்கமுடியாததைச் சிறிதாகவும் எழுதும் வழக்கம் தொகுப்பு மேலாண்மையின் உள்ளேயும் புகுந்துள்ளது.

புதையல் சட்டமும் ஊர்ப்பெயரும்

சென்னைத் தொகுப்பின் செப்புத்திருமேனிகளுள் பெரும்பகுதி அகழாய்வில் கிடைத்தவையும் அல்ல, சந்தையில் வாங்கியவையும் அல்ல. கிணறு தோண்டும்போதும், கோயில் திருப்பணியின்போதும், உழவின்போதும் தற்செயலாக வெளிப்பட்டு, 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின் வழியாக வந்து சேர்ந்தவை. அச்சட்டம் பண்பாட்டைக் காக்க எழுதப்பட்டதன்று. மண்ணில் மறைந்து கிடந்த மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பொருளின் தன்மை, தோராய மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவை அவ்வறிவிப்பில் இருக்க வேண்டும். அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளிலுள்ள மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கும். அதாவது ஒரு சோமாஸ்கந்தரின் விலை, அதிலுள்ள செம்பின் எடையும் இருபது விழுக்காடும்!

கலையுணர்வு சிறிதும் இல்லாத இச்சட்டமே தென்னிந்தியப் படிமக்கலை ஆய்வுக்கு மிகப்பெரிய கொடையை வழங்கியது. இடமும் நாளும் சட்டப்படி கட்டாயமாயின. வட்டாட்சியர் எழுதிய அறிக்கையில் ஊர், வட்டம், நில அளவை எண், உடன் கிடைத்த பிற பொருள்கள் ஆகியவை இடம்பெற வழி ஏற்பட்டது. உலகின் பெரும் அருங்காட்சியகங்கள் பலவற்றில் ‘தமிழ்நாடு, சோழர்’ என்னும் இரு சொற்களோடு நிற்கும் படிமங்களுக்கும், எழும்பூரில் ஊர்ப்பெயரோடு நிற்கும் படிமங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்து பிறந்தது.

ஊர்ப்பெயரின் பயன் யாது என்பதற்குத் திருவெண்காட்டுத் திருமேனிகள் தக்க சான்று. தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள இடபவாகன தேவர் படிமம் அவ்வூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அவ்வூர்க் கோயிலில் முதலாம் இராசராசனின் ஆட்சிக்கால இறுதியில், கி.பி. 1011இல், இடபவாகன தேவரை எழுந்தருளச் செய்ததைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. தேவியின் படிமத்துக்கான கல்வெட்டு அடுத்த ஆண்டினது. படிமத்தில் எழுத்து ஏதுமின்றியே அதற்கு ஓர் ஆண்டு கிடைத்தது. சோழர் படிமக்கலையின் கால வரிசைக்கு ஓர் அசையாத ஆணி கிடைத்தது. ஊர்ப்பெயர் தொலைந்திருப்பின் அப்படிமத்தின் அழகில் இம்மியும் குறைந்திராது. ஆனால் அக்கல்வெட்டும் அப்படிமமும் ஒன்றையொன்று அறியாமலே இருந்திருக்கும்.

இதன் மறுபக்கத்தை நாகப்பட்டினம் காட்டுகிறது. 1856 தொடங்கி 1930கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் சுமார் 350 பௌத்த வெண்கலப் படிமங்கள் வெளிப்பட்டன. அவை பல நாடுகளின் அருங்காட்சியகங்களுக்கும் தனியார் கைகளுக்கும் சிதறின. இராமச்சந்திரன் 1954இல் வெளியிட்ட நாகப்பட்டினப் பௌத்தப் படிமங்கள் பற்றிய நூல் அச்சிதறலுக்கு எதிரான ஒரு பாதுகாப்புச் செயல். பொருள்களை மீண்டும் ஓரிடத்தில் சேர்க்க இயலாதபோது, அவற்றின் செய்திகளையாவது ஓரிடத்தில் சேர்த்தது அந்நூல். கடல்வணிகம், சோழர் அரசு, தென்கிழக்காசிய உறவு எனப் பின்னர் எழுந்த ஆய்வுகள் அதன்மீதே நின்றன. இந்நூலை ஒரு வெளியீடு என்று மட்டும் வகைப்படுத்துவது அதன் பணியைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

அறிவிக்கப்படாத கண்டெடுப்பின் விளைவு எத்தகையது என்பதைப் பத்தூர் நடராசர் வழக்கு உலகறியச் செய்தது. 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அப்படிமம் ஆட்சியருக்கு அறிவிக்கப்படாமல் கைமாறி இலண்டன் சென்றது. அரசிடம் அதைப் பற்றிய ஒருவரிப் பதிவும் இல்லாததால், அது பத்தூருக்கு உரியது என்பதை நிறுவ இலண்டன் நீதிமன்றங்களில் நீண்ட வழக்கு நடந்தது. பின்னர் அதே இடத்தில் கிடைத்த பிற படிமங்களோடு ஒப்பிட்டு, உலோகம், ஒட்டியிருந்த மண், கறையான் தடம் ஆகியவை சான்றுகளாக முன்வைக்கப்பட்டன. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயிலின் உரிமையை ஏற்றது. எழுதப்படாத பதிவின் இடத்தை அங்கு மண்ணும் கறையானும் நிரப்பின. இச்செய்தி வேதியியல் கூடத்தின் மதிப்பீட்டில் மீண்டும் தேவைப்படும்.

சுவரில் மறைந்த கல்

அமராவதிச் சிற்பங்களின் கதை பாதுகாப்பின் பெயரால் நேர்ந்த இழப்புகளின் கதை. காலின் மெக்கன்சி 1798இலும் 1816இலும் அவ்விடத்துக்குச் சென்றார். அவரது நில அளவையர்கள் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரைந்தனர். 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த கற்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தன. அவற்றுள் பெரும்பகுதி 1859இல் இலண்டனுக்குக் கப்பலேறியது. அங்கும் அவை உடனே மதிக்கப்படவில்லை. ஒரு வண்டிக்கொட்டகையில் கிடந்தவற்றை 1860களில் ஜேம்ஸ் பெர்குசன் கண்டுகொண்ட பின்னரே ஆய்வுலகம் திரும்பிப் பார்த்தது. 1877இல் இராபர்ட் சுவெல் தோண்டினார். 1880இல் ஆளுநரின் ஆணைப்படி மேடு முழுவதுமாக அகற்றப்பட்டது. 1881-82இல் ஜேம்ஸ் பர்ஜஸ் வந்தபோது தூபி இருந்த இடத்தில் பெரும் பள்ளமே எஞ்சியிருந்தது. கற்களை இருந்த இடத்திலேயே காக்க வேண்டும் என்ற எச். எச். கோலின் எதிர்ப்பு ஏற்கப்படாமல், எஞ்சியவை சென்னைக்கு அனுப்பப்பட்டன.

இவ்வரிசையில் ஒவ்வொருவரும் சிற்பங்களைக் காப்பதாகவே நம்பினர். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத் தேவைக்கும் இரையாகிக்கொண்டிருந்த கற்கள் அவை என்பதால் அந்நம்பிக்கை பொய்யுமன்று. ஆயினும் எந்தக் கல் தூபியின் எப்பகுதியில், எதற்கு அருகில், எந்தப் பக்கம் நோக்கி நின்றது என்பதை எழுதி வைத்தோர் மிகச் சிலர். அதனால் இன்று அருங்காட்சியகங்களில் இருப்பது ஒரு தூபி அன்று, தூபியின் கற்கள். மாறாக, மெக்கன்சியின் ஓவியங்களில் உள்ள பல சிற்பங்கள் இன்று எங்கும் இல்லை; பிரித்தானிய நூலகத்தில் உள்ள காகிதத்தில் மட்டுமே அவை வாழ்கின்றன. கல் அழிந்து காகிதம் நிலைத்த இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போர், பொருளே நிலையானது, பதிவு தற்காலிகமானது என்று சொல்லத் தயங்குவர்.

சென்னைக்கு வந்த கற்கள் அக்காலக் காட்சிமுறைக்கேற்பச் சுவரோடு சுவராகப் பதிக்கப்பட்டன. விழாமல் இருக்கவும், களவு போகாமல் இருக்கவும், பார்வையாளர் கண்ணுக்கு நேரே தெரியவும் அது வசதியான முறை. அமராவதிக் கல் சுண்ணாம்புப் பாறை வகை. ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சக்கூடியது. தரையிலிருந்து சுவரின் வழியே ஏறும் ஈரம் காரையிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கல்லுக்குள் கொண்டுவருகிறது. கல்லின் முகப்பில் ஈரம் உலரும்போது உப்பு படிகமாகிப் பருக்கிறது. சிற்பத்தின் மேற்பரப்பு தவிடாக உதிர்கிறது. சுவர் ஈரத்தை வழங்க, காட்சிக்கூடத்தின் காற்று அதை உலர்த்த, இடையில் நின்ற கல்லே இச்சுழற்சியின் களமாயிற்று. மேற்பரப்பைத் தூரிகையால் துடைத்தாலோ காகிதக்கூழ் ஒற்றி உப்பை எடுத்தாலோ தற்காலிக நலம் கிட்டும். சுவரிலிருந்து பிரிக்காமல் நிலையான நலம் இல்லை.

இந்த வேதியியல் தீங்கு ஓரளவு பேசப்பட்டுள்ளது. பேசப்படாதது வேறொன்று. அமராவதிக் கற்கள் சில இருமுறை செதுக்கப்பட்டவை. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற தூபிப் பலகை ஒன்றின் ஒரு பக்கம் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய சிற்பத்தையும், மறுபக்கம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய சிற்பத்தையும் தாங்கியுள்ளது. பழைய பலகையைத் திருப்பிப் புதிதாகச் செதுக்கியுள்ளனர் என்பதிலிருந்து தூபி பல கட்டங்களில் புதுப்பிக்கப்பட்ட வரலாறே வெளிப்படுகிறது. ஒரு கல்லைச் சுவரில் பதிப்பவர், அதன் முதுகில் படிக்கத்தக்கது ஒன்றுமில்லை என்று தீர்ப்பெழுதுகிறார். செதுக்கிய மறுபக்கம், கொத்தர் குறி, பொருத்துத் துளை, உடைப்பின் வடிவம் ஆகியவை அத்தீர்ப்பால் ஆய்வுக்கு எட்டாதவையாகின்றன. சி. சிவராமமூர்த்தி 1942இல் வெளியிட்ட அமராவதி நூல் உருவ அமைதியையும் எழுத்தையும் ஆடை அணிகளையும் நுணுகிப் பதிவு செய்தது; தமிழகத்தில் எழுந்த அருங்காட்சியக நூல்களுள் அதற்கு ஈடானவை மிகச்சில. எனினும் அந்நூலின் கண் காட்சிக்கூடத்தின் கண்ணே. முகப்பை மட்டும் காட்டும் காட்சிமுறை, முகப்பை மட்டும் காணும் ஆய்வுமுறையையும் உருவாக்கிவிடுகிறது.

வேதியியல் கூடத்தின் வெற்றியும் விலையும்

எழும்பூரின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. அதனை உருவாக்கிய எஸ். பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களையும் ஆராய்ந்து, அவை ஈரச் சுதையின்மீது தீட்டப்பட்டவை என்று நிறுவியவர். அக்கூடம் தோன்றியதற்கான காரணம் வெளிப்படையானது. மண்ணிலிருந்து வந்த செப்புப் படிமங்கள் பேழைகளுக்குள் பச்சைப்பொடியாக உதிரத் தொடங்கியிருந்தன.

வெண்கல நோய் என வழங்கப்படும் இச்சிதைவு, மண்ணிலுள்ள குளோரைடு செம்புக்குள் புகுந்து செப்புக் குளோரைடாக உறைவதில் தொடங்குகிறது. மண்ணுக்குள் அது உறங்குகிறது. வெளியே வந்து ஈரமும் ஆக்சிசனும் கிடைத்தவுடன் வினை தொடங்கி, வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது. வினையில் வெளிப்படும் அமிலம் மேலும் செம்பை அரிக்கிறது. சார்பு ஈரப்பதத்தை 45 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால் நோய் ஏறக்குறைய அடங்கும் என்பது பாதுகாப்பியலில் ஏற்கப்பட்ட முடிவு. கடற்கரை நகரமான சென்னையின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் அதனை வெகுவாகத் தாண்டியே நிற்கும். இந்நிலையில் 1930களில் மேற்கொள்ளப்பட்ட மின்பகுப்பு முறை அன்றைய அறிவுக்கு எட்டிய சிறந்த மருந்து. படிமத்தைக் காரக் கரைசலில் எதிர்முனையாக வைத்து மின்னோட்டம் செலுத்தினால், களிம்பு தளர்ந்து குளோரைடு வெளியேறும். முகம் தெரியாமல் பச்சைக் கட்டியாக வந்த படிமங்கள் கண்ணும் நகையும் தெளிந்து எழுந்தன. கிரேவ்லி - இராமச்சந்திரன் அட்டவணை வகுத்த உருவ அமைதி வேறுபாடுகளை இன்று அப்படிமங்களில் தெளிவாகக் காண முடிகிறதெனில், அதற்குத் தூய்மையான மேற்பரப்பும் ஒரு காரணம். இக்கடனை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

விலையையும் எழுத வேண்டும். மின்பகுப்பு களிம்பை எடுத்தபோது, களிம்போடு இருந்த அனைத்தையும் எடுத்தது. ஒட்டியிருந்த மண், கறையான் தடம், புதைக்குமுன் சுற்றிய துணியின் இழைப்பதிவு, வழிபாட்டில் படிந்த சந்தன எண்ணெய்ப் படலம் ஆகியவை களிம்பின் அடுக்குகளில்தான் தங்குகின்றன. பத்தூர் வழக்கில் சான்றாகப் பயன்பட்டவை இவ்வகைப் படிவுகளே என்பதை நினைவுகூர்ந்தால் இழப்பின் அளவு புரியும். தூய்மை செய்யப்பட்ட படிமம் தன் அழகுக்குச் சான்று கூறும். தன் மண்ணுக்குச் சான்று கூறாது. ஒரு படிமம் நடுக்கத்தோடு அவசரமாகப் புதைக்கப்பட்டதா, மணல் பரப்பி முறைப்படி அடுக்கி வைக்கப்பட்டதா என்று வினவும் இன்றைய ஆய்வாளருக்கு விடை அந்த மண்ணில் இருந்தது.

பரமசிவனின் தலைமுறையை இதற்காகக் குறைகூறுவது பொருந்தாது. உலகெங்கும் அக்காலத்தில் அதுவே முறை. சோடியம் செஸ்குவிகார்பனேட்டுக் கழுவலும், 1960களின் இறுதியில் அறிமுகமான பென்சோட்ரையசோல் பூச்சும் களிம்பைப் பெரும்பாலும் விட்டுவைத்து நோயை மட்டும் அடக்க முயன்றவை. குறைகூற வேண்டிய இடம் வேறு. எந்தப் படிமத்துக்கு எந்த ஆண்டில் எந்த முறை செய்யப்பட்டது, செய்வதற்கு முன் அது எவ்வாறு இருந்தது, எடுக்கப்பட்ட படிவில் என்ன காணப்பட்டது என்பவை படிமத்தின் சேர்க்கை எண்ணோடு பிரிக்கவியலாதபடி பிணைக்கப்பட வேண்டியவை. மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையோடு நோய்க்குறிப்பு தொங்குவதுபோல. பாதுகாப்பியல் கூடத்தின் ஏடு ஒரு பிரிவிலும், சேர்க்கைப் பதிவேடு மற்றொரு பிரிவிலும், ஒளிப்பட எதிர்ப்படி மூன்றாம் பிரிவிலும் இருக்கும் அமைப்பு, இந்திய அருங்காட்சியகங்களின் பொதுவான நோய். இன்று ஒரு படிமத்தின் உலோகக் கலவையை எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் அளப்பவர், அளப்பது பழைய மேற்பரப்பையா, 1930களின் கரைசல் விட்டுச்சென்ற மேற்பரப்பையா என்று அறியாமல் எண்களை வெளியிட்டால், அவ்வெண்களுக்கு என்ன பொருள்?

குவியலைக் கலைத்தல்

நாணயத் தொகுப்பில் இதே சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. புதையலாகக் கிடைத்த நாணயங்களிலிருந்து வகைக்கு ஒன்றிரண்டைத் தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை ‘இரட்டைப்படிகள்’ எனப் பிற அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளிப்பதும் விற்பதும் நெடுங்கால வழக்கமாக இருந்தது. அஞ்சல்தலை சேகரிப்பவரின் மனப்பாங்கு இது. நாணயவியலில் இரட்டைப்படி என்பதே பிழையான கருத்து. ஒரு குவியலில் ஒரே வகை நாணயம் எத்தனை உள்ளது, தேய்மானம் எவ்வளவு, எடை எப்படிக் குறைந்துகொண்டே வருகிறது என்பவையே அக்குவியல் புதைந்த காலத்தையும் பணப்புழக்கத்தையும் சொல்பவை.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் அரசர் தலையுருவில் உளிவெட்டு இருந்தது. வெட்டு ஓரிரு காசில் மட்டும் காணப்பட்டால் தற்செயல் எனலாம். குவியல் முழுவதிலும் காணப்பட்டதால்தான் அது வேண்டுமென்றே செய்யப்பட்ட செயல் என்பதும், அக்காசுகள் பணமாகப் புழங்குவதைத் தடுக்கவே வெட்டப்பட்டன என்ற கருத்தும் எழுந்தன. வகைக்கு ஒன்றாக, அதுவும் வெட்டுப்படாத நல்ல காசாகத் தெரிந்தெடுத்திருந்தால் இச்செய்தி நமக்குக் கிடைத்திராது. தெரிந்தெடுக்கும் கை இயல்பாகவே அழகிய காசை நாடும். எனவே சீரிய தொகுப்பு என்று போற்றப்படுவது சில வேளைகளில் சான்றை வடிகட்டிய தொகுப்பாகும். ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் சென்னை, பெர்லின், பாரிஸ் என மூன்று நகரங்களில் பிரிந்து கிடப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த இழப்பே. ஒரே ஈமக்காட்டின் பொருள்களை ஒருசேர எண்ண இன்றுவரை வழியில்லை.

பதிவேடும் கோப்பும்

அரசு அருங்காட்சியகத்தின் சேர்க்கைப் பதிவேடு ஒரே நேரத்தில் இருவேறு ஏடுகளாகப் பணிபுரிய வேண்டியுள்ளது. அது அறிவின் ஏடு; அரசுடைமைகளின் இருப்பு ஏடும் கூட. பொறுப்பை ஒப்படைக்கும் காப்பாட்சியர் ஒவ்வொரு பொருளையும் எண்ணிக் காட்ட வேண்டும். ஏற்பவர் எண்ணிப் பெற வேண்டும். குறைந்தால் தனிப்பட்ட பொறுப்பு. இதனால் ‘பொருள் இருக்கிறதா?’ என்னும் வினா ‘பொருளைப் பற்றி என்ன தெரியும்?’ என்னும் வினாவை எளிதில் விழுங்கிவிடுகிறது. கிடங்கைத் திறப்பதே இடர் என்று கருதும் மனநிலை, அறிஞரைச் சந்தேகத்தோடு நோக்கும் மனநிலை ஆகியவற்றைத் தனிமனிதர் குணமாகக் காண்பது தவறு. பதிவேட்டின் கட்டமைப்பே அவற்றை வளர்க்கிறது. கிடங்குச் சீரமைப்புக்கென இக்ரோம் வகுத்துள்ள ரீ-ஆர்க் முறை, எந்தப் பொருளையும் மூன்று நிமிடங்களுக்குள் எடுக்க முடிய வேண்டும் என்பதை ஓர் அளவுகோலாகக் கொள்கிறது. பூட்டின் வலிமையைப் பாதுகாப்பின் அளவாகக் கொள்ளும் நிறுவனங்களுக்கு இது அயலாகத் தோன்றலாம். ஆனால் எளிதில் எடுக்க முடியாத பொருள், தொலைந்தாலும் எளிதில் தெரியாத பொருளாகும்.

எண்ணியப் பதிவு இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. தேசிய அளவில் சி-டாக் உருவாக்கிய ஜதன் போன்ற மென்பொருள்கள் பயன்பாட்டில் உள்ளன. ஒளிப்படமும் அளவும் இணையத்தில் கிடைப்பது ஆய்வாளருக்குப் பெரும்பேறு. ஒளிப்படத்தின் வலிமையை இத்துறை முன்பே அறியும். திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி ரோடின் எழுதியது பாரிஸிலிருந்தபடி ஒளிப்படங்களை மட்டும் பார்த்தே. சிறீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலில் எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்கள் முதன்மைச் சான்றாயின. ஆனால் படிமத்தின் புதிய ஒளிப்படத்தை ஏற்றி, பழைய பதிவேட்டின் ஓரக்குறிப்பை விட்டுவிடும் எண்ணிய மாற்றம் ஆபத்தானது. பழைய ஏடுகளில் அடித்தல், திருத்தல், மாற்றிய எண், வேறொரு கையெழுத்தில் சேர்த்த ஊர்ப்பெயர் ஆகியவை உண்டு. மென்பொருளின் கட்டங்களில் இவற்றுக்கு இடமில்லை. ஒரு படிமத்துக்கு இரண்டு ஊர்கள் எழுதப்பட்டிருந்தால், தட்டச்சு செய்பவர் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை நீக்குவார். ஐயம் மறைந்து பொய்த்தெளிவு பிறக்கும். எனவே ஏட்டின் ஒவ்வொரு பக்கமும் உருவமாகவே பதியப்பட்டு, அப்பக்கத்தோடு புதிய பதிவு இணைக்கப்படுவது அடிப்படைத் தேவை.

இதனினும் அவசரமானது ஒன்றுண்டு. புதையல் வழி வந்த பொருளின் முழுமையான வரலாறு அருங்காட்சியகப் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இருப்பது சுருக்கம். கண்டெடுத்தவரின் வாக்குமூலம், வட்டாட்சியர் அறிக்கை, உடன் கிடைத்து அருங்காட்சியகம் வேண்டாமென விட்ட பொருள்களின் பட்டியல், கோயிலின் உரிமைக்கோரிக்கை ஆகியவை வருவாய்த்துறைக் கோப்புகளில் இருந்தவை. அவற்றுள் அரசாணையாக மேலேறியவை எழும்பூரிலேயே உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் கிடைக்கக்கூடும். பாந்தியன் சாலையில் படிமம். சிறிது தொலைவில் அதன் வாக்குமூலம். இரண்டையும் இணைக்கும் பொது எண் இல்லை. ஆட்சியர் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தங்கிவிட்ட கோப்புகளின் நிலை வேறு. முடிக்கப்பட்ட கோப்புகள் வைத்திருக்க வேண்டிய கால அளவுக்கேற்ப அங்கு வகுக்கப்படுகின்றன. காலம் முடிந்தவை பட்டியலிட்டு அழிக்கப்படுகின்றன. நிலவரிக்கும் நில உரிமைக்கும் பொருந்தும் அவ்விதி, புதையல் கோப்புக்குப் பொருந்தாது. புதையல் தொடர்பான கோப்பு எதுவாயினும் நிரந்தர வகையில் சேர்க்கப்பட வேண்டும் என்றோர் அரசாணையும், அருங்காட்சியகங்கள் துறையின் ஒப்புதலின்றி அவற்றை அழிக்கலாகாது என்றொரு விதியும் எழுதப்படுவதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. மாவட்டந்தோறும் ஆண்டுதோறும் அழிப்புப் பட்டியல்கள் ஒப்புதலுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன.